ஆறடிக்கு அந்தப் பக்கம்

பேத்தி பிறந்ததும் ஸ்பானரின் நெஞ்சில் பெட்டி வைத்ததும் ஒரே வாரத்தில் நடந்தன. இரண்டைப் பற்றியும் அவருக்கு ஒரே குறைதான். இரண்டையும் அவர் தன் கண்ணால் பார்க்கவில்லை.

ஸ்பானர் என்பது பட்டறையில் விழுந்த பெயர். லாரிக்கு அடியில் படுத்தே தலை நரைத்தவர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத மனுஷர். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் வந்து சொன்னால், "வண்டிக்குப் பிடிக்கலையா, உன் காலுக்குப் பிடிக்கலையா" என்று கேட்பார். தானே அடியில் படுத்துப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடுவார். அவர் கணக்கில் காதால் கேட்பது முழுப்பொய், கண்ணால் காண்பது அரைப்பொய். கையால் தொட்டுப் பார்த்ததை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு நம்பலாம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் குளித்துவிட்டு வரும்போது வாளியோடு சாய்ந்துவிட்டார். இதயம் மெதுவாக அடிக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். "இன்ஜின் ஐட்லிங் குறைஞ்சுபோச்சு, அவ்வளவுதானே" என்றார் இவர். இடது காரை எலும்புக்குக் கீழே தோலைக் கிழித்து, தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். இதயம் சோம்பினால் அது தார்க்குச்சி போட்டு ஓட்டும்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, அந்தப் பெட்டிகளைக் கவனித்துக்கொள்கிற டெக்னீஷியன் பெண் வந்தாள். மனைவி, மகன், மருமகள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஸ்பானர் மூவரையும் வெளியே அனுப்பினார்.

"நாலு காது கேட்டா நாப்பது விதமா ஊதுவீங்க. பெட்டி என் நெஞ்சுல இருக்கு. நானே கேட்டுக்கிறேன்."

அந்தப் பெண் முகத்தில் மாஸ்க். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். இவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

"செல்போன் ஆறடி தள்ளி இருக்கணுமாம். அதுல காந்தம் இருக்கு, அலை இருக்கு. கிட்ட வந்தா பெட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிடுமாம்."

மகன் திகைத்தான். "ஆறடியாப்பா? அப்படின்னா தெருவுல நடக்கவே முடியாதே."

"நான் என்ன என் கைச்சரக்கையா சொல்றேன்? படிச்ச பொண்ணு சொல்லுது."

வாழ்நாளில் ஒருத்தர் சொன்னதைத் தொட்டுப் பார்க்காமல் அவர் நம்பியது அன்றைக்குத்தான். நம்பியதற்கும் காரணம் உண்டு. செல்போன் என்ற சாமானை அவருக்கு முதலிலிருந்தே பிடிக்காது. பிடிக்காதவனைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் அது வேதவாக்கு.

வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. ஆறடி என்றால் கண் அளவுக்கு விடக்கூடாது என்று ஸ்பானர் சொன்னதால், மகன் ஹாலில் திரைச்சீலை மாட்டியிருந்த இரும்பு ராடைக் கழற்றி ஆறடிக்கு அறுத்துக் கொடுத்தான். திரை போன ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். ஸ்பானர் ராடும் கையுமாக வீட்டில் நடமாடினார். மருமகள் போனை வைத்துக்கொண்டு சமையலறையை விட்டு வெளியே வந்தால் ராடு நீண்டது. மகன் வேலையிலிருந்து வந்ததும் போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றவேண்டும்.

"மாமாவுக்குக் காப்பி குடுக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவை சோதனை போட்டுடுங்க அத்தை" என்றாள் மருமகள்.

"ஊர்ல எல்லாருக்கும் கடைசியிலதான் ஆறடி" என்றாள் மனைவி. "இவருக்கு மட்டும் உயிரோட இருக்கும்போதே அளந்து குடுத்திருக்காங்க."

இதெல்லாம் ஸ்பானருக்கு ஒரு பொருட்டில்லை. அவரை அரித்தது வேறு. மகள் கடல் தாண்டி இருந்தாள். அங்கேதான் பேத்தி பிறந்திருந்தாள். தினமும் சாயங்காலம் மகள் வீடியோவில் குழந்தையைக் காட்டுவாள். மனைவி ஹாலின் இந்த மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். ஸ்பானர் அந்த மூலையில் முக்காலியில் உட்காருவார். நடுவில் ராடு கிடக்கும். ஆறடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், அவர் கண்ணுக்குப் பேத்தி ஒரு நிலக்கடலை. கண்ணாடியைப் போட்டால் மங்கல் நிலக்கடலை. கழற்றினால் ரெட்டை நிலக்கடலை.

"மூக்கு யாரு மாதிரி?" என்று முதல் நாளே கேட்டார்.

மனைவி போனுக்குள் முகத்தை நுழைத்துப் பார்த்தாள். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். "அப்படியே என் தம்பி."

அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மச்சானுக்கும் இவருக்கும் கல்யாணப் பந்தலிலிருந்தே ஆகாது. அதைவிட, மச்சானுடைய மூக்கு. பழைய காலத்து லாரியில் கையால் அமுக்குகிற ரப்பர் ஹாரன் இருக்குமே, அந்த உருண்டையைப் பிய்த்து முகத்தில் ஒட்டினதுபோல இருக்கும். "அமுக்கினா பாம் பாம்னு சத்தம் வரும்" என்று ஸ்பானர் ஒரு தடவை சபையில் சொல்லிவிட்டு ஒரு மாதம் தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார். இவர் மூக்கோ கத்தி மூக்கு. பிள்ளைகள் இரண்டுக்கும் அது வரவில்லை. பேத்திக்காவது வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதைத் தன் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும். சாட்சி சொல்பவள் எதிர்க்கட்சி வக்கீலாக இருக்கும்போது வழக்கு எப்படித் தீரும்?

மகன் ஒரு வழி பண்ணினான். படத்தைக் கடையில் கொடுத்துக் காகிதத்தில் எடுத்து வந்தான். ஸ்பானர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழந்தை துணிப்பொட்டலமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. மூக்கின்மேல் நிழல்.

"போட்டோவை நம்பி நான் ஒரு தடவை ஏமாந்தது போதும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

"எப்போ ஏமாந்தீங்க?" என்றாள் மனைவி.

ஸ்பானர் ராடைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதில் என்னவென்று அவளுக்கும் தெரியும். பெண் பார்க்கப் போகாமல் போட்டோ பார்த்து முடித்த கல்யாணம் அது.

"இவ்வளவு தூரமெல்லாம் வேணாம்னு இதுல போட்டிருக்குப்பா" என்று மகன் ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எதுல போட்டிருக்கு?"

"போன்லதான்."

"தான் கெடுதல்னு அதுவே சொல்லுமா? களவாணியைப் பத்திக் களவாணிகிட்டயே விசாரிக்கிறியா?"

"அப்போ ஆஸ்பத்திரிக்குப் பேசிக் கேக்கவா?"

"எதுல பேசுவ?"

மகன் போனை ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டான்.

இத்தோடு போயிருந்தால் ஸ்பானரே ஒரு நாள் பொறுமை இழந்து ராடைத் தாண்டியிருப்பார். ஆனால் வேறொன்று நடந்தது. வீடியோவில் பேத்தி வந்ததும் இவர் முக்காலியில் குனிந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, ஆமைபோலக் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். அப்போது நெஞ்சு திம் திம் என்று அடிக்க ஆரம்பிக்கும். மெதுவாகவும் இல்லை, படபடப்பாகவும் இல்லை. ஆளுக்குச் சம்பந்தமில்லாமல், ஆக்ஸிலேட்டரில் கல்லை வைத்த வண்டி மாதிரி ஒரே சீராக ஓடும். நிமிர்ந்து சாய்ந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

"பாத்தியா" என்றார் வெற்றியோடு. "ஆறடியிலயே இந்த ஆட்டம் ஆடுது. உங்க பேச்சைக் கேட்டுக் கிட்டப் போயிருந்தா இந்நேரம் மாலை போட்டிருப்பீங்க."

மனைவிக்கு அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கே போய்விட்டாள். இப்போது பேத்தி நிலக்கடலையும் இல்லை. எள்.

ஸ்பானருக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஆனால் குழந்தை அழுகிற சத்தம் வாசலிலிருந்து வரும். மனைவி கொஞ்சுவாள். "ஹாரன் மூக்கு" என்று அவள் சொன்னதுபோலக்கூட இவர் காதில் விழுந்தது. சொல்லியிருக்கமாட்டாள். இருந்தாலும் ராடை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பெண்ணின் பிள்ளையைப் பார்க்க ஒரு தாத்தனுக்குக் கொடுப்பினை இல்லை. சாகாமல் இருக்க வைத்த பெட்டி, இருந்தும் இல்லாமல் ஆக்கிவிட்டது.

ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மருமகளுக்குப் போன் வந்தது.

"அவர் பெட்டியிலேருந்து கொஞ்ச நாளா எங்களுக்கு ஒண்ணுமே வரலையே. ஆள் எப்படி இருக்கார்?"

"நல்லாத்தான் இருக்கார். திட்டுறது கேக்கலையா?"

விஷயம் இதுதான். நெஞ்சுப் பெட்டியோடு இன்னொரு பெட்டியும் கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டில் பக்கத்தில் வைத்தால் போதும், நெஞ்சுப் பெட்டி சொல்வதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். கம்பி கிடையாது. ஸ்பானருக்கு அதுவே பிடிக்கவில்லை. கம்பி இருந்தால் எங்கே போகிறது என்று தடவிப் பார்க்கலாம். கம்பி இல்லாமல் பேசுகிறவன் கோள் சொல்லி. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னென்ன ஒப்பிக்கிறதோ? அதனால் அதன்மேல் பெரிய அலுமினிய அண்டாவைக் கவிழ்த்து, அண்டாவின்மேல் ஒரு போர்வையும் போட்டு மூடியிருந்தார்.

மனைவி போர்வையை எடுத்தாள். அண்டாவைப் பார்த்தாள்.

"இந்த அண்டாவைத் திருப்பித் தரலைன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட நான் பேச்சு வார்த்தையையே நிறுத்திட்டேன்" என்றாள். "கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். ஆளுக்கொரு போன். ஸ்பானர் ராடை வேல்போலப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர்களுக்குப் பெட்டி பயமில்லை, ராடு பயம். செக்யூரிட்டி வந்து மரியாதையாகக் கேட்டான்.

"தாத்தா, இந்த ராடை வெளியே வெச்சுட்டு வரலாமே?"

"உன் சட்டைப் பையில இருக்கிற போனை வெளியே வெச்சுட்டு வா. நான் இதை வைக்கிறேன்."

உள்ளே அதே டெக்னீஷியன் பெண். இந்தத் தடவை யாரையும் வெளியே அனுப்ப மனைவி விடவில்லை. நாலு பேரும் நுழைந்தார்கள். அந்தப் பெண் எழுந்து பக்கத்தில் வந்தாள். அவள் கோட்டுப் பையில் போன் விளிம்பு தெரிந்தது. ராடு உயர்ந்து அவள் வயிற்றுக்கு நேரே நின்றது.

"அங்கேயே நில்லும்மா. நீயே சொல்லிட்டு நீயே மறந்துட்டா எப்படி?"

"என்ன சொன்னேன் ஐயா?"

"செல்போன் ஆறடி தள்ளி இருக்கணும்னு."

அந்தப் பெண் ராடின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"அரையடி."

"ஆமா, ஆறடி."

"அ-ரை-ய-டி. பாதி அடி. ஒரு சாண்." கையை விரித்துக் காட்டினாள். "சட்டைப் பையில போன் வைக்காதீங்க, வலது காதுல பேசுங்கன்னுதான் சொன்னேன்."

டெக்னீஷியன் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். மருமகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது. மகன் வீட்டு ஜன்னலை நினைத்துக்கொண்டான்போல, ராடையே பார்த்தான்.

"நாலு காது கேட்டா நாப்பது விதமா ஊதுவோம்" என்றாள் மனைவி. "ஒரு காது கேட்டது எப்படி இருக்குன்னு பாருங்க."

ஸ்பானர் லேசில் விடுகிற ஆளா? "வாயில துணியைக் கட்டிக்கிட்டுப் பேசினா அரை என்ன, ஆறு என்ன. எல்லாம் ஒண்ணாத்தான் கேக்கும்" என்றார். பிறகு கையிலிருந்த துருப்புச் சீட்டை இறக்கினார். "சரி, அரையடின்னே வெச்சுக்குவோம். அப்போ ஆறடியில இருந்த போனுக்கே என் நெஞ்சு ஏன் அப்படி அடிச்சுது? அதுக்குப் பதில் சொல்லு."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "எப்படி அடிச்சுது?"

சொன்னார். கல் வைத்த ஆக்ஸிலேட்டரையும் சொன்னார். அவள் சோப்புக்கட்டிபோல ஒன்றை அவர் காரை எலும்பின்மேல் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அதற்கும் கம்பி இல்லையே என்று அவர் முணுமுணுத்ததை யாரும் காதில் வாங்கவில்லை.

"நீங்க சொல்றது சரிதான் ஐயா" என்றாள். "சாயங்காலம் சாயங்காலம் பெட்டி தன் வேலையை விட்டுட்டு ஒரே வேகத்துல ஓடியிருக்கு."

ஸ்பானர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கொள் என்று அர்த்தம்.

"ஆனா அலை இதைப் பண்ணாது. காந்தம் பண்ணும். அதுவும் பெட்டிக்கு ரொம்பக் கிட்ட, மேல வெச்ச மாதிரி வந்தாத்தான். காந்தம் கிட்ட வந்துட்டா உங்க இதயம் அடிக்குதா இல்லையான்னு பெட்டி பாக்காது. கண்ணை மூடிக்கிட்டு அடிக்கும். நேரம் சரியில்லாத அன்னைக்கு அது ஆபத்து. விளையாட்டில்ல. போனை அரையடி தள்ளி வைக்கச் சொன்னதுக்கும் அதுல இருக்கிற காந்தம் ஒரு காரணம். சட்டைப் பையில என்ன வெச்சிருக்கீங்க?"

"போனெல்லாம் கிடையாது. சுத்தமான பை."

"வேற என்ன?"

"என் டார்ச்சு."

மெக்கானிக்குகள் வைத்துக்கொள்கிற குட்டி டார்ச்சு அது. விரல் நீளம். பட்டறை வேலையை விட்டு வரும்போது அவர் கையோடு கொண்டுவந்த ஒரே சாமான். அலை கிடையாது, நெட்வொர்க் கிடையாது, கோள் சொல்லத் தெரியாது. சுவிட்சை அமுக்கினால் எரியும், விட்டால் அணையும். உலகத்தில் அவர் நம்பிய ஒரே பொருள். இடது பையில், நெஞ்சோடு நெஞ்சாகத்தான் எப்போதும் இருக்கும். அவர் அதை எடுத்துப் பெருமையாக நீட்டினார்.

நீட்டிய கை ராடைத் தாண்டிப் போகவில்லை. டார்ச்சின் பின்பக்கம் டக்கென்று போய் இரும்பு ராடில் ஒட்டிக்கொண்டது. கையை விட்டார். அது விழவில்லை. காய்போல ராடில் தொங்கியது.

லாரிக்கு அடியில் படுத்திருக்கும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கவேண்டும் அல்லவா. அதற்காக டார்ச்சின் அடியில் காந்தம் வைத்திருப்பார்கள். சேஸின் இரும்பில் ஒட்டவைத்துவிட்டு வேலை பார்க்கலாம். ஆயிரம் தடவை ஒட்டியவர்தான் அவர்.

மகன்தான் முதலில் பேசினான். "குனிஞ்சு எட்டிப் பாக்கும்போது பை சுருங்கி மேல ஏறியிருக்கும்ப்பா. நேரா பெட்டிக்கே."

"எங்களை எல்லாம் ராடு வெச்சுத் தள்ளினாரே அத்தை" என்றாள் மருமகள். "கடைசியில வில்லன் பையிலேயே இருந்திருக்கான்."

மனைவி ராடிலிருந்து டார்ச்சைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். இழுத்த ஜிப்பை அவள் மறுபடியும் இழுத்துச் சரிபார்த்ததை ஸ்பானர் பார்த்தார். ஏதோ எதிர்ப்பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிக்கொண்டார்.

"டார்ச்சு வேணாம்னு சொல்லல ஐயா" என்றாள் டெக்னீஷியன். "கையில வெச்சுக்கோங்க, கால்சட்டைப் பையில வெச்சுக்கோங்க. நெஞ்சுப் பக்கம் வேணாம். இதுக்கும் அரையடிதான். போன்ல சொன்னாங்களே, அந்த வீட்டுப் பெட்டி மேல இருக்கிற..."

"அண்டா" என்று மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

"அண்டாவை எடுத்துடுங்க. உங்க பேச்சை அது கேக்காது. அதுக்குக் காதே கிடையாது. நீங்க இங்க வராமலே இந்தக் காந்தக் கதை எனக்குத் தெரிஞ்சிருக்கும், அதை மூடாம இருந்திருந்தா."

அப்போது மனைவியின் கைப்பைக்குள் போன் அடித்தது. மகள். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போய் வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். மனைவி போனை எடுத்தாள், ஸ்பானரைப் பார்த்தாள், டெக்னீஷியனைப் பார்த்தாள். அந்தப் பெண் போனை வாங்கி ஸ்பானரின் வலது கையில் வைத்து, நெஞ்சுக்கும் போனுக்கும் நடுவில் தன் சாணை விரித்து அளந்து காட்டினாள்.

"இந்தத் தூரம் போதும். பாருங்க."

ஸ்பானர் நெஞ்சைக் கவனித்தார். திம் திம் இல்லை. நல்ல ஐட்லிங். ராடைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

திரை முழுக்கப் பேத்தி. விழித்துக்கொண்டிருந்தாள். கண் கறுப்புத் திராட்சை. நெற்றியில் பூனை முடி. உதட்டில் ஒரு எச்சில் குமிழி வந்து உடைந்தது. குழந்தை இவரை நேராகப் பார்த்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோல இருந்தது. ஸ்பானருக்குக் கண்ணாடி மங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இந்தத் தடவை பார்க்கவேண்டியதைப் பார்த்தார்.

ரப்பர் ஹாரன்.

சந்தேகத்துக்கே இடமில்லை. உருண்டை, பளபளப்பு, நுனியில் அந்தக் குழி உட்பட. அமுக்கினால் பாம் பாம்தான். மச்சான் அச்சாக உட்கார்ந்திருந்தான் அந்த முகத்தில். அவர் கண்ணால் கண்டாகிவிட்டது. அரைப்பொய் என்றுகூட ஒதுக்கமுடியாது.

அறையில் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க. யாரு மூக்கு?"

ஸ்பானர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். கை நீண்டது. முழங்கை நிமிர்ந்தது. இதற்குமேல் கை எட்டாது என்றானதும் போனை மகனிடம் கொடுத்து, "நீ அந்த மூலைக்குப் போ" என்றார். அவன் போனான். இவர் சுவரில் சாய்ந்திருந்த ராடை எடுத்து நடுவில் பிடித்து அளந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்கேருந்து பாத்தா என் மூக்குதான்" என்றார்.